பள்ளி மீன் தொட்டிக்கு மணல் வேண்டும்: தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள நம் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலையில் இருக்கும் மூன்றடி மீன் தொட்டியை வரும் விடுமுறையில் சுத்தம் செய்யவிருப்பதாக அறிந்தேன். அப்போது அடியில் பரப்பியுள்ள வண்ணக் கற்களை அகற்றிவிட்டு மென்மணல் இடுமாறு, இப்பள்ளியின் முன்னாள் மாணவன் என்ற முறையிலும் நெடுங்காலமாக நன்னீர் மீன் வளர்ப்பவன் என்ற முறையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தொட்டியில் உள்ள கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி மீன்களைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வாயோரம் நூல்போல் நீண்டிருக்க வேண்டிய மீசைகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. தென் அமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மீன், முகத்தைக் கண்வரை மணலில் புதைத்து, வாயில் அள்ளியதில் இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு மணலைச் செவுள் வழியே வெளியேற்றும் இயல்புடையது. கல்லில் அதற்கு வழியில்லை. கூரிய விளிம்புகள் மீசையை உராய்கின்றன. இடுக்குகளில் தேங்கும் அழுக்கில் பெருகும் கிருமிகள் அந்தப் புண்ணை மேலும் அரிக்கின்றன. பிள்ளைகள் தாராளமாகத் தூவும் தீனியும் அதே இடுக்குகளில் இறங்கி அழுகி, அம்மோனியாவாக மாறி நீரைக் கெடுக்கிறது. மணலிலோ கழிவு மேலாகவே தங்கிவிடுவதால், உறிஞ்சு குழாயைச் சற்று உயர்த்திப் பிடித்தே அதை எடுத்துவிடலாம்.

எந்த மணல் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தெலுக் பாத்தேக் போன்ற கடற்கரைகளிலிருந்து யாரேனும் அன்போடு அள்ளி வந்தாலும் ஏற்க வேண்டாம். கடல் மணலில் கலந்திருக்கும் சிப்பித் தூள் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். இம்மீன்களோ மென்னீருக்குப் பழகியவை. மணலில் சில சொட்டுக் காடியை (வினிகரை) விட்டால் நுரைக்கிறதா என்று மாணவர்களே சோதித்துப் பார்க்கலாம். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மணலும் வேண்டாம். அதில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும், காடிச் சோதனை அதைக் காட்டாது. ஆற்று மணலை அள்ளுவதற்கு நில அலுவலகத்தின் அனுமதி தேவை. ஆகவே, மீன் கடையில் விற்கும் மணலையோ, நீச்சல் குள வடிகட்டிக்கான சிலிக்கா மணலையோ வாங்குவதே நல்லது. மணியின் பருமன் 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். விளிம்பு மழுங்கியதாக இருக்க வேண்டும்.

தொட்டியின் அடிப்பரப்பு 90க்கு 45 சென்டிமீட்டர் என்பதால், 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 25 கிலோ பிடிக்கும். அதற்கு மேல் வேண்டாம். ஆழமான மென்மணல் இறுகி, உயிர்வாயு புகாத இடங்களில் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு உருவாகலாம். மணலைக் குடைந்து வாழும் மலேசியன் டிரம்பெட் நத்தைகள் சிலவற்றை விட்டால், அவை அதை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கும்.

மணலைச் சோப்பில்லாமல், வாளி நீர் தெளியும்வரை அலச வேண்டும். கல்லை அகற்றும் நாளில் வடிகட்டியைக் கழுவிவிடாதீர்கள் என்பதைப் பெரிதும் வலியுறுத்துகிறேன். அம்மோனியாவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்களில் ஒரு பங்கு கற்களோடு போய்விடும். எஞ்சியவை வடிகட்டியில்தான் இருக்கின்றன. அடுத்த இரண்டு வாரங்களுக்குத் தீனியையும் குறைத்துப் போட வேண்டும். மணல் துகள் புகுந்தால் பம்பின் சுழலி தேயும் என்பதால், நீர் இழுக்கும் வாயை மேலே உயர்த்தி வையுங்கள்.

வண்ணக் கல்லின் பளபளப்பைச் சில பிள்ளைகள் விரும்புவார்கள் என்பதை அறிவேன். ஆயினும் அறிவியல் மூலையில் அவர்கள் பார்க்க வேண்டியது மீன் தன் இயல்பில் வாழும் விதத்தைத்தான். மணல் வந்துவிட்டால், நம் தீபகற்பத்துச் சதுப்பு ஓடைகளிலும் காணப்படும், மணலில் புதையும் பாம்பு வடிவக் குஹ்லி வகை மீன்களையும் பின்னாளில் வளர்க்கலாம்.

மணலுக்கான செலவை நானே ஏற்கிறேன். சுத்தம் செய்யும் தேதியை முன்கூட்டியே தெரிவித்தால், வீட்டில் அலசி வைத்து எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன்,
சுங்கை சிப்புட், பேரா.