தெரு அம்மன் கோயில் விழாக் குழுக்களுக்கு: பம்பைக்கு ஒரு மாலை நேரத்தை முழுதாகக் கொடுங்கள்

கங்கையம்மன், நாகாத்தம்மன், எல்லையம்மன், முத்துமாரி என்று சென்னையில் தெருவுக்குத் தெரு கோயில் வைத்து, ஆடி வந்தால் வசூல் நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்கள் நோட்டீஸில் காப்பு கட்டுதல், கரகம் ஜோடித்தல், கூழ் வார்த்தல், தீமிதி எல்லாம் நேரத்தோடு இருக்கிறது. அப்புறம் கடைசியில் பொடி எழுத்தில் "பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு முழங்க" என்று ஒரு வரி. யார் முழக்குகிறார்கள், எந்த ஊர்க் குழு என்று ஒன்றும் இருக்காது. சீரியல் லைட்டு போட்டவருக்குக்கூட தனி பேனர் உண்டு.

பம்பை என்ற அந்த இரட்டை மேளம் வெறும் வாத்தியம் இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கரகத்தைப் பூவால் சுற்றி வைத்துவிட்டால் மட்டும் அம்மன் வந்துவிடுவதில்லை. பம்பைக்காரர் அம்மனைப் பாட்டில் வர்ணித்துக் கூப்பிட வேண்டும், உடுக்கை ஏற வேண்டும், யாருக்காவது அருள் வர வேண்டும், வந்தது யார் என்று அவரே பாட்டிலேயே கேட்டுப் பதில் வாங்க வேண்டும். இடுப்பில் மரப்பம்பையும் வெண்கலப்பம்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர்தான் அந்த நேரத்துக்குப் பூசாரி மாதிரி. ஆனால் அவர் வர்ணிப்பு பாடும்போதே பக்கத்து ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி ஓடிக்கொண்டிருப்பார் (அந்தக் குரல் இல்லாமல் ஆடி இல்லை, ஒத்துக்கொள்கிறேன், அதற்கென்று இப்போதா?), அது முடிவதற்குள் செண்டை மேளம் இறங்கிவிடும், ஊர்வலத்துக்கு டிஜே வண்டி வேறு.

இதில் நாம் இழப்பது கதையை. தெருக் கோயில்கள் பலவற்றில் அம்மனுக்குத் தலை மட்டும் இருக்கிறதே, ஏன்? ரேணுகாவின் கதை அது. கணவர் ஜமதக்னி முனிவர் சொல்ல, மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான், பிறகு அவளை உயிரோடு திரும்பக் கேட்டு வரம் வாங்குகிறான், ஒட்டும் அவசரத்தில் அவள் தலை இன்னொரு பெண்ணின் உடலில் சேர்ந்துவிடுகிறது. அந்த இன்னொரு பெண் தாழ்த்தப்பட்ட சாதிக்காரி என்றுதான் பல ஊர்களில் பாடுகிறார்கள். நாம் கும்பிடும் சாமிக்குள்ளேயே இரண்டு சாதியும் ஒன்றாகிவிட்டன என்று சொல்லும் கதை இது. குடியாத்தத்தில் வைகாசியில் கங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது பின்னால் இருப்பதும் இதே கதைதான். இதை எந்த ஸ்பீக்கர் பாட்டும் முழுதாகச் சொல்வதில்லை. பம்பைக்காரருக்கு இது தெரியும், ஆனால் பாட அவருக்கு நாம் கொடுப்பது கால் மணி நேரம்.

மேடைகள் வந்திருக்கின்றன, சரி. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், 2020-இல் வந்த மார்கழியில் மக்களிசை போன்ற கலை விழாக்கள் இந்தக் கலைஞர்களை நகரத்துக்கு நடுவில் நிறுத்தின, நல்ல காரியம். ஆனாலும் மேடையில் அம்மனை யாரும் அழைப்பதில்லை, அங்கே மேளத்தின் அடி மட்டும்தான் கேட்கும். அழைப்பது உங்கள் தெருவில்தான் நடக்க முடியும். இந்த வழிபாட்டுக்கு உயிர் கொடுக்கும் அதிகாரம் அரசிடமோ சபாக்களிடமோ இல்லை, உங்கள் வசூல் நோட்டில் இருக்கிறது.

பசங்களுக்கு டிஜேதான் பிடிக்கும் என்பீர்கள். பம்பை வேகம் எடுக்கும்போது முதலில் ஆடுவது அதே பசங்கள்தானே! அவர்களில் ரெண்டு பேரை உடுக்கை பிடிக்கச் சொல்லிக் குழுவோடு உட்கார வையுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி பம்பைக்கும் சேர்த்துத்தான், அதனால் விடிய விடியக் கேட்கவில்லை. கூழ் வார்ப்பதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் ரேணுகா கதையை முடித்துவிடலாம். அதுவரை ஸ்பீக்கர் ஆப். குழுவின் ஊரையும் பாடுகிறவர் பெயரையும் நோட்டீஸில் பெரிதாகப் போடுங்கள். சாப்பாட்டுக்கு அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள், அது எத்தனையோ இடத்தில் இன்னும் நடக்கிறது.

ஆடியில் ஞாயிற்றுக்கிழமைகள் நாலோ அஞ்சோதான், நல்ல குழுக்களை முதலிலேயே பிடித்துவிடுவார்கள். சித்திரையிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போதே முழுக்கதை வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.