விவரிப்பே இணைப்பாக: நண்பருக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய மாதிரிப் பக்கங்களும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய வட ஆற்காட்டின் ஏரி, கோட்டை, கல்வெட்டுப் படங்களையெல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுக்கும் வேலையில் நீ இறங்கியிருப்பது மிகுந்த மகிழ்ச்சி. இங்கே வெயில் வழக்கம்போல்தான். காலை பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாததால், நீ கேட்ட கேள்வியோடு உட்கார நேரம் தாராளமாகக் கிடைத்தது.

ஆவணங்களைக் கட்டளைகளால் அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளில் படத்தின் விவரிப்பை ஒரு முறை எழுதினால் போதும், கோப்பின் பெயர் அதிலிருந்தே உருவாகி இணைப்பாகிவிட வேண்டும் என்கிறாய். தாராளமாகச் செய்யலாம். லேடெக்கில் இணைப்புகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுதியிலுள்ள ஹெச்ரெஃப் கட்டளைக்கு இரண்டு உள்ளீடுகள் உண்டு: கோப்பின் முகவரி ஒன்று, வாசகர் கண்ணில் படும் சொற்கள் மற்றொன்று. முகவரியின் முன்னால் ‘ரன்’ என்பதையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால், சொடுக்கியதும் அந்தக் கோப்பு அதற்குரிய செயலியில் திறக்கும். நீ எழுத வேண்டியது, ஒரே உள்ளீட்டை வாங்கிக்கொண்டு அதை இரண்டு இடத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு சிறு கட்டளை. காட்சிக்கு வரும் சொற்கள் அப்படியே இருக்கும். முகவரிக்குப் போகும் பிரதியில் மட்டும் இடைவெளிகளைச் சிறுகோடாக மாற்றி, முற்றுப்புள்ளி, காற்புள்ளிகளை நீக்கி, முன்னால் கோப்புறையின் பெயரையும் பின்னால் ஜேபிஜி என்ற ஒட்டையும் சேர்த்துவிட வேண்டும். இந்த மாற்றங்களுக்கு லேடெக்கின் உள்ளேயே வரும் நிரலாக்கக் கட்டளைத் தொகுப்பான எக்ஸ்பிஎல்3 போதும். அதன் எழுத்துமுறையில் இடைவெளிகள் கணக்கில் வாரா. ஆகவே ‘இடைவெளியை மாற்று’ என்று சொல்வதற்கு அலைக்குறியை (~) இட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் வேறு சிக்கல்கள் காத்திருக்கின்றன. உன் மாதிரியிலேயே உள்ள ‘வேலூர்க் கோட்டை அகழி’ என்பதை எடுத்துக்கொள். ஒரு பக்கத்தில் ஒற்று மிக எழுதியிருக்கிறாய். இன்னொரு பக்கத்தில் ‘வேலூர் கோட்டை’ என்றே விட்டிருக்கிறாய். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு கோப்புகள். அடுத்து, ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வழி, ஏகாரக் குறியையும் அதன்பின் துணைக்காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வழி. திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்புப் பெயர்களை வெறும் பைட்டுகளாகவே ஒப்பிடும் லினக்ஸில், கோப்புப் பெயர் ஒரு வடிவிலும் இணைப்பு மற்றொரு வடிவிலும் இருந்தால் இரண்டும் ஒருபோதும் சந்திக்கமாட்டா.

நீளத்தையும் கவனி. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள். பத்தே எழுத்துள்ள ‘வேலூர்க் கோட்டை அகழி’ சிறுகோடுகளோடு 56 பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. நீ இரண்டு வரிக்கு எழுதும் விவரிப்புகள் கோப்புப் பெயராக ஆகவே முடியாது.

இவற்றையெல்லாம் விடப் பெரியது வேற்றுமை உருபு. பட்டியலில் ‘காவேரிப்பாக்கம் ஏரி மதகு’ என்று நிற்பது, கட்டுரை நடையில் ‘காவேரிப்பாக்கத்து ஏரியின் மதகை’ என்று உருமாறிவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் அதே வடிவில் நிற்பதால் விவரிப்பிலிருந்து பெயரை எடுப்பது எளிது. நம் மொழியில் சொல்லின் வால் மட்டுமல்லாமல் சில வேளைகளில் உடலும் மாறுகிறது. ஆகவே பட்டியலில் தானியங்கி முறையை வைத்துக்கொள். உரைநடைக்காக அதே கட்டளையில், சதுர அடைப்புக்குள் அடிச்சொல் வடிவைத் தனியே கொடுக்கும் விருப்ப உள்ளீட்டுக்கும் இடம் வை. நீளமான விவரிப்புகளுக்கும் அதுவே கைகொடுக்கும். மாவட்டப் பெயரைக் கோப்புப் பெயரில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-இல் வேலூர் மூன்றாயிற்று. காவேரிப்பாக்கம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அரசாணைக்கு ஒரு தடவை ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது உனக்கு வேண்டாத வேலை.

எப்படியும் சில பெயர்கள் பொருந்தாமல் போகும். அப்போது பிடிஎஃப் வாசகர் கையில் போன பிறகா தெரிய வேண்டும்? லேடெக்கில் கோப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் இஃப்ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் கட்டளையை உன் கட்டளைக்குள் வைத்துவிட்டால், கோப்பு இல்லாத இடத்தில் இணைப்புக்குப் பதிலாகத் தேடிய பெயர் சிவப்பில் அச்சாகும்படி செய்யலாம். லேடெக் எழுதும் பதிவேட்டிலும் ஓர் எச்சரிக்கை விழச் செய்யலாம். இந்தச் சோதனை இல்லாத தானியங்கி இணைப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

லுவா என்ற நிரல்மொழியும் சேர்ந்த லேடெக் வடிவமான லுவாலேடெக்கைப் பயன்படுத்துகிறாய் என்பதால் இன்னொரு வசதி உண்டு. பெயரை உருவாக்கும் விதியை ஒரு தனி லுவா கோப்பில் எழுதி வை. ஆவணம் உருவாகும்போது அதே கோப்பு இணைப்பைக் கட்டும்; லுவா கோப்பைத் தனியே இயக்கும் டெக்ஸ்லுவா வழியாகக் கட்டளை வரியிலிருந்து இயக்கினால், உன் வருடிப் (ஸ்கேனர்) படங்களுக்கு அதே விதி பெயரிடும். ‘கோ’ சிக்கலும் அங்கேயே தீரும். யூனிகோடு வடிவை ஒன்றாக்கும் லுவா-யூனி-ஆல்கோஸ் தொகுதி இருக்கவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்: ‘ரன்’ வகை இணைப்பைத் திறக்குமுன் பிடிஎஃப் படிக்கும் செயலியான அக்ரோபேட் அனுமதி கேட்கும், உலாவிக்குள் பார்த்தால் சொடுக்கு பெரும்பாலும் பலிக்காது. ஆவணத்தையும் படக் கோப்புறையையும் சேர்த்தே பிறருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஆற்காடு வட்டத்துப் படங்களையும் அவற்றின் விவரிப்புகளையும் மட்டும் அனுப்பு. எத்தனை பெயர்கள் சிவப்பில் வருகின்றன என்று பார்த்துவிட்டு, ஒற்று விஷயத்தில் எந்த வழக்கத்தைக் கைக்கொள்வது என்று முடிவு செய்யலாம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்