ஐப்பசி மழைக்கு முன் நான்கு கூரைகள்: ஊர் வீடமைப்புக் குழுவின் வேண்டுகோள்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

நான்கு வீடுகள் கதவு, யன்னல்களின் மேல்விளிம்பு உயரத்தோடு, லிண்டல் மட்டத்தோடு நிற்கின்றன. ஐப்பசி பிறக்க இன்னும் ஏழு, எட்டுக் கிழமைதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மாரி எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குள் கூரை ஏறாவிட்டால் அந்த நான்கு குடும்பங்களும் இன்னொரு கார்த்திகையைத் தகரக் கொட்டிலில்தான் கழிக்க வேண்டும். ஒரு கொட்டிலில் இப்போதுதான் பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்த பச்சைப்பிள்ளை கிடக்கிறது.

வலிகாமம் வடக்கில் ஒரு காலத்தில் வீடு இல்லாதவர் என்று சுட்டிக்காட்ட அதிகம் பேர் இருக்கவில்லை. கிடுகுக் கொட்டிலோ நாற்சார் வீடோ, அவரவர் வீட்டில் அவரவர் அடுப்பு எரிந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கிய பிறகு, எங்கள் சுண்ணக்கல்லைச் சுட்டு அரைத்த சீமெந்து நாடு முழுவதும் போனது. அங்கே வேலை செய்த ஐயாமார் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். கொழும்பில் மாடிக் கட்டடம் ஒன்றைக் கண்டால் "இது எங்கட சீமெந்து" என்று சொல்லிக்கொண்டு நின்ற மனிதர்கள். அவர்களில் ஒருவருடைய பேரனின் வீடுதான் இப்போது சீமெந்துக்குக் காசில்லாமல் பாதியில் நிற்கிறது. இதை எழுதவே கை கூசுகிறது.

1990 ஆனியில் போர் காரணமாக உடுத்த உடையோடு வெளிக்கிட்டோம். சுன்னாகம், மல்லாகம், கோணாப்புலம் என்று முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் போனது. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு ஊர் திரும்பியபோது போன குடும்பம் ஒன்று, வந்த குடும்பம் ஐந்து. தாத்தாவின் நான்கு பரப்புக் காணி சீதனமாகப் பிரிந்து முடிந்துவிட்டது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் உண்டு, உறுதி எழுதிய நிலம் இல்லை. சொந்தக் காணி இருந்தால்தான் வீட்டுத்திட்டம் என்று வரிசையில் இருந்து திரும்பியவர்கள் இவர்கள்.

அவர்களுக்காகத்தான் இந்தப் பத்து வீடுகள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் இருவர் தங்கள் தோட்டக்காணி 12 பரப்பையும் எழுதித் தந்தார்கள். குடும்பங்களைப் பிள்ளையார் கோயில் முன்றலில் எல்லோரும் பார்க்கத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிந்தோம். வீடு கிடைத்தவர்கள் மாதம் 3,000 ரூபாய் சுழல்நிதிக்குக் கட்டுகிறார்கள். அது அடுத்த வீட்டுக்குப் போகும். இலவசம் வாங்கிப் பழகிய சனமென்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, கணக்கு. ஒரு வீட்டுக்கு 24 லட்சம், பத்துக்கும் 2 கோடி 40 லட்சம். இதுவரை சேர்ந்தது 1 கோடி 87 லட்சம். ஆறு வீடுகள் முடிந்து தைப்பொங்கலுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார்கள். கையில் மிஞ்சியிருப்பது 9 லட்சம். மீதி நான்கு வீட்டுக்கும் கூரை மட்டும் 26 லட்சம். கதவு, யன்னல், பூச்சு, தரை, மலகூடம், மின்சாரம் எல்லாம் சேர்த்து இன்னும் 36 லட்சம் வேண்டும். ஆக மொத்தம் 53 லட்சம் குறைகிறது. ஆனால் மழைக்கு முன் வேண்டியது, கையிலுள்ள 9 லட்சம் போகக் கூரைக்கான 17 லட்சம். மற்றதை மழைக்குப் பின்னரும் பார்க்கலாம். 2019இல் ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய சீமெந்துப் பை இன்று என்ன விலை என்று கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு தூரம் வந்தது உங்களால்தான். தாயின் அந்தியேட்டிக் கிரியைச் சாப்பாட்டைச் சுருக்கி அந்தக் காசை ஒரு வீட்டின் அத்திவாரத்துக்குத் தந்த பிள்ளைகள், பாரிஸில் சமையலறையில் நின்றுகொண்டு மாதம் தவறாமல் 50 யூரோ அனுப்பும் தம்பி, ஓய்வூதியத்தை எடுத்த கையோடு எங்களிடம் வந்த ஆசிரியை அம்மா, வளவில் நின்ற வைரம் பாய்ந்த பனைகளைக் கூரையின் தீராந்திக்கும் சிலாகைக்கும் தறித்துத் தந்த பெரியவர், ஞாயிறு கூலி வாங்காத மேசன்மார், வேலை நடந்த நாளெல்லாம் கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்த மாதர் சங்கத்தார். பொருளாளரிடம் 200 ரூபாய் தந்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்று போன மீன்காரி அக்காவையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. அந்த மாவிட்டபுரத்துக் கந்தன் இவர்கள் எல்லோரையும் குறைவின்றி வைத்திருக்க வேண்டும்.

அதே மனதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொல்லிக் கைதட்டு வாங்கிய பதினொரு பேரிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. பெயரைப் பலகையில் போட மாட்டோம். உங்களுக்கே தெரியும். நீங்கள் சொன்னதை நம்பித்தான் பத்தாவது வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டினோம். கோபுரத்துக்கும் தேருக்கும் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, அதுவும் நம் கடமைதான். ஆனால் தேர் வரும் வீதியில் கூரையில்லாத சுவர் நான்கு வீட்டுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டு வடம் பிடிக்க எப்படி மனம் வரும்?

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் உறவுகள் பயணம் திரும்புமுன் ஒருநாள் வந்து பாருங்கள். மாலையில் யாராவது அங்கே கல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார்கள். பணமாகத் தருவோர் சனசமூக நிலையத்தில் பொருளாளரிடம் தந்து பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் அங்குள்ள பலகையில் ஒட்டப்படுகிறது. பனை, ஓடு, பழைய கதவு நிலை இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து ஏற்றிக்கொள்வோம். தச்சரிடம் புரட்டாசி முதற்கிழமைக்கு நாள் சொல்லிவிட்டோம்.

இவ்வண்ணம்,
ஊர் வீடமைப்புக் குழுவினர்