மதகைத் திறந்ததில் தப்பில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சரணாலயத்துக் குளத்தின் மதகைத் திறந்து, பறவைகளைத் தவிக்க விடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கொதித்திருந்தார். பறவைக் கணக்கெடுப்புக்குப் போக ஆரம்பித்த புதிதில் நானும் இதே கோபத்தோடு கரையில் நின்றவன்தான்.

தளும்பி நிற்கும் குளம் பார்க்க அழகு. முங்கி இரை தேடும் முக்குளிப்பானுக்கும் அது சரி. ஆனால் கொசு உள்ளான் என்ற கரைப்பறவை சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும்; இரண்டு விரற்கடைத் தண்ணீரே அதற்கு அதிகம். பவளக்கால் உள்ளான் ஒரு சாண் ஆழத்துக்குள் சமாளிக்கும். ஊசிவால் வாத்து வாலைத் தூக்கிக் கவிழ்ந்துதான் அடியில் மேயும். முழங்கால் ஆழத்தைத் தாண்டினால் அதற்கு எட்டாது.

அதனால்தான் மதகில் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, நாளைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராக வடிக்கிறார்கள். வடிகிற விளிம்பில் குனிந்து பாருங்கள். குழைந்த சேற்றில் நூல்போலச் சிவப்புப் புழுக்கள் நெளியும்; பக்கத்திலேயே தையல் போட்ட மாதிரி உள்ளான் அலகு குத்திய துளைகள் வரிசையாக இருக்கும். விளிம்பு நகர நகரப் பந்தியும் நகரும். பிறகு அந்தச் சேற்றில் கோரையும் குதிரைவாலி இனப் புல்லும் முளைத்து விதை கட்டும். வாத்துகள் வரும் நேரத்தில் தண்ணீரை ஏற்றினால் அந்த விதைகள்தான் அவற்றுக்குத் தீனி. வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் சம்பு என்ற உயரமான நீர்ப்புல் மண்டிக் குளத்தையே மூடிவிடும்.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக மொத்தத்தையும் திறந்துவிடுவது அநியாயம். சேறு சீக்கிரமே காய்ந்து வெடித்துவிடும், மீன்கள் குவியலாகச் சாகும். வெயிலில் அழுகும் உடல்களில் பொட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சு உருவாகும். அதில் நெளியும் புழுவைத் தின்ற வாத்தும் சாகும், அந்த வாத்தின் உடலிலும் புழு வைக்கும். செத்ததை அன்றன்றே பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். அதேபோல, பவளக்கால் உள்ளான் நீர்விளிம்பில் முட்டையிட்டிருக்கும்போது மட்டத்தை ஏற்றினால் கூடு முழுகிவிடும். அப்புறம், எல்லாக் குளங்களையும் ஒரே சமயத்தில் வடிக்கவும் கூடாது.

கரையில் ஒரு பலகை வைத்து, எந்தக் குளம் எப்போது வடியும், எப்போது நிரம்பும், இன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு என்று எழுதிப்போட்டால், பார்க்க வருகிறவர்கள் பாதிப்பேர் கோபப்பட மாட்டார்கள். இதற்கு என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்