சின்னப்பாலத்துச் சொந்தங்களுக்கு

பாம்பன் சின்னப்பாலத்து அக்காமார், சித்திமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவின் நோயைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு ஓடுகிறது, நானே சொல்லிவிடுகிறேன். சிறுகுடலில் உண்டான நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் ஒருவகைப் புற்று), கண்குழி வரை பரவியிருக்கிறது. தொற்றுநோய் இல்லை, கண்ணேறும் இல்லை.

வலது கண் பிதுங்கி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபோது தைராய்டு என்றுதான் முதலில் பேச்சு. ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது. மதுரையில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று மட்டும் உருண்டு நிற்பதைக் காட்டினார். பிறகு சம்பந்தமே இல்லாததுபோல் கேட்டார்: "அடிக்கடி வயிற்றால போகுமா? முகம் திடீர்னு செவக்குமா?"

அம்மா இல்லையென்று தலையாட்டினார். கூட வந்த, பாசி எடுக்கப் போகும் சித்திதான் போட்டு உடைத்தார்: "பொய் சொல்றா டாக்டர். தீவுக்குப் போனா நாலு தரம் ஒதுங்குவா. நெழல்ல உக்காந்தாலும் மூஞ்சி செவந்துரும்." வெயிலுக்கு என்றுதான் அம்மா வீட்டில் சொல்லிவந்தார்; இரண்டுமே அந்தக் கட்டி சுரக்கும் ஹார்மோனால் வருபவை. சித்தி, நீங்கள் வாயைத் திறந்திராவிட்டால் இன்னும் எங்கெங்கோ அலைந்திருப்போம்.

அந்தத் தசையிலிருந்து துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு சாயமும் பிடித்தன, நியூரோஎண்டோகிரைன் கட்டி என்பதற்கு அதுதான் அடையாளம். சிடிஎக்ஸ்2 என்ற இன்னொன்று குடலைக் கைகாட்டியது. செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 என்ற அளவு 3 சதவீதத்துக்கும் கீழே, அதாவது மெதுவாக வளரும் முதல் தரம். நான் முகம் பார்த்திராத அந்த நோய்க்குறியியல் டாக்டருக்கும் நன்றி.

கட்டி சுரக்கும் ஹார்மோனின் கழிவை அளக்கும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைக்கு முந்தைய நாட்களில் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகாது. தக்காளி போடாமல் புளி மட்டும் கரைத்து மீன்குழம்பு வைத்துத் தந்த பக்கத்து வீட்டு அக்கா, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வகைக் கட்டியில் போய் ஒட்டும் கதிர்வீச்சு மருந்தை ஏற்றி எடுக்கும் காலியம் பெட் ஸ்கேனில்தான் குடல்கட்டி சிக்கியது. அந்த மருந்தின் கதிர்வீச்சு 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நாம் தாமதித்தால் அது காத்திருக்காது. விடியுமுன்னே கிளப்பி, சொன்ன நேரத்துக்குக் கொண்டுசேர்த்தார் வேன்கார அண்ணன்.

இப்போது 4 வாரத்துக்கு ஒருமுறை, கட்டியின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி. முற்றிலும் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறது, கண் மேற்கொண்டு பிதுங்கவில்லை. ஊசிமருந்து குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. மீன் கம்பெனி மாமா கொடுத்த பெட்டியில்தான் கொண்டுவருகிறோம். எவ்வளவு கழுவியும் சூடை வாடை போகவில்லை மாமா, பரவாயில்லை.

பாசிக்குப் போகும் அக்காமாரே, அம்மாவை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். வேன்கார அண்ணே, டீசல் காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.