இந்தோனேசியாவில், சுரபாயாவில் இருக்கும் செல்வராசுக்கு

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மழை விட்டதும் மேஸ்திரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சாரம் கட்ட மூங்கில் கேட்டு வந்துவிட்டார்கள், லோடு இறக்கவும் எண்ணிக் கொடுக்கவும்தான் நேரம் சரியாக இருந்தது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது தெருவில் யார் போனாலும் முதலில் பேர் சொல்வது அவர்தான். பெரியவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. நீயும் தங்கச்சியும் வர முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் 10 அன்று மில்லில் கொடியேற்றினார்கள், அதற்கப்புறம் தோட்டக்காரப் பெரியவர் உன்னிடம் வந்து, "1945-இல் எங்கப்பாவைச் சுட வந்தவர்கள் உங்கள் ஊர் சிப்பாய்கள்" என்று கோபமே இல்லாமல் சொன்னார், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னை விடவே இல்லை. அதற்குள் உன் பையன் ஒரு படம் அனுப்பி வைத்தான், 'மேரா பூத்தி'. சிவப்பு வெள்ளை என்று அர்த்தமாமே, அவர்கள் கொடியின் நிறம். 2009-இல் வந்த படம், யாடி சுகாண்டி என்பவர் எடுத்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து சின்னவளோடு பார்த்தேன், கீழே ஓடும் ஆங்கில வரிகளை அவள்தான் வேகமாகப் படித்துச் சொன்னாள்.

1947, ஜாவா. பயிற்சி முகாமில் இருக்கும் இளம் பையன்கள்தான் கதை. ஆமிர் முஸ்லிம், வாத்தியாராக இருந்தவன், பொண்டாட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். தோமாஸ் சுலவேசியிலிருந்து வந்த கிறிஸ்தவன், அவன் குடும்பத்தைக் டச்சுக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். தயான் பாலித் தீவின் இந்து. மாரியுஸ் பெரிய வீட்டுப் பிள்ளை, வாய் நீளம், ஆனால் உள்ளுக்குள் பயம். தோமாசுக்கும் மாரியுசுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. பயிற்சி முடிந்த சந்தோஷத்தில் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும்போது டச்சுப் படை முகாம் மேல் விழுகிறது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அதே சட்டையோடு ஓடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் செத்துப்போக, தப்பிய நாலைந்து பேர் காட்டுக்குள் போய் கொரில்லாக்களாகி, கடைசியில் எரிபொருள் ஏற்றி வரும் டச்சு வண்டிகளை மறித்து அடிக்கிறார்கள். நாம் சின்ன வயசில் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த சண்டைப் படங்களின் அதே வேகம். எனக்கு ரொம்பப் பிடித்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு சாமி கும்பிடுகிறவர்கள், வெவ்வேறு தீவுக்காரர்கள், பணக்காரனும் குடியானவனும் ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிச்சல்பட்டுக்கொண்டே ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரைப் பணயம் வைப்பதை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சாகிவிட்டது. அதைவிட, டச்சுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே முகம், அடிப்பதும் சுடுவதும் தவிர அவர்களுக்கு வேலையில்லை.

படம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் போனது. தயாரிப்பாளர் ஹாஷிம் ஜோயோஹாதிகுசுமோ. அவருடைய சித்தப்பாக்கள் இரண்டு பேர், சுபியாந்தோ, சுஜோனோ, 1946 ஜனவரி 25 அன்று ஜகார்த்தா பக்கம் லெங்கோங் என்ற இடத்தில் இறந்தவர்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்தப் படமும் இதற்கடுத்த இரண்டு பாகங்களும். லெங்கோங்கில் நடந்தது என்ன தெரியுமா? தாங்கேராங் ராணுவப் பள்ளி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு டான் மோகோத் என்ற மேஜர் ஜப்பானியர் முகாமுக்குப் போகிறார். மேஜருக்கே வயது பதினேழு. உலகப் போரில் டச்சுக்காரர்களை விரட்டி அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் சரணடைந்து அஞ்சு மாசம் ஆகிவிட்டது, ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்று பேசத்தான் போனார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எங்கேயோ ஒரு துப்பாக்கி வெடிக்கிறது, ஜப்பானியர்கள் சுட ஆரம்பிக்கிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட மாணவர்களும் மூன்று அதிகாரிகளும் போய்விட்டார்கள். சுபியாந்தோவின் சட்டைப் பையில் ஒரு கவிதை இருந்ததாம். தாங்கள் கோயில் கட்டுபவர்கள் இல்லை, கல் சுமப்பவர்கள்தான் என்று வரும் கவிதை. எழுதியது ஹென்ரியேட் ரோலண்ட் ஹோல்ஸ்ட் என்ற டச்சுக்காரப் பெண்மணி. டச்சு ஆட்சி வேண்டாம் என்று புறப்பட்ட பையன், ஜப்பானியன் குண்டில் விழுகிறான், அவன் பையில் டச்சுக் கவிதை. செல்வராசு, இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

படத்துக்குள் இது எதுவும் இல்லை. அங்கே எதிரி ஒரே உடுப்பில் வருகிறான். உன் பெரியவர் சொன்ன எதிரியும் அதில் இல்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்ணோவும் ஹத்தாவும் சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள். ஜப்பானியரிடம் ஆயுதம் வாங்கவும் சிறையிலிருந்த டச்சுக்காரர்களை மீட்கவும் பிரிட்டிஷ்காரன் வந்தான், வந்த படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அக்டோபர் 25 அன்று நாற்பத்தொன்பதாவது இந்தியப் பிரிகேட் உன் ஊர்த் துறைமுகத்தில் இறங்கியது. இவர்கள் பின்னாலேயே டச்சுக்காரன் திரும்பி வருவான் என்று ஜனங்களுக்குப் பயம், அந்தப் பயம் வீண்போகவில்லை. 30-ஆம் தேதி சிவப்புப் பாலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிரிகேட்டின் தலைவர், பிரிட்டிஷ்காரர் பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டார். அதற்கப்புறம் ஐந்தாவது இந்திய டிவிஷனை இறக்கி, நவம்பர் 10 காலையில் கப்பல் பீரங்கியும் விமானமும் சேர்ந்து ஊரை அடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று வாரம். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்தியச் சிப்பாய்களை இதற்கு அனுப்பக்கூடாது என்று இங்கே நேருவும் காங்கிரசும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். சிப்பாய்களில் சிலர் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் சேர்ந்தும் விட்டார்கள். ஆனால் சுட்டவர்கள் சுட்டவர்கள்தானே.

எதிர்த்து நின்றவர்கள் கையில் என்ன இருந்தது? ஜப்பானியரிடம் பிடுங்கிய துப்பாக்கிகள் கொஞ்சம். மற்றவர்களுக்குக் கூர் சீவிய மூங்கில், 'பம்பு ருஞ்சிங்'. அதற்கு உங்கள் ஊரிலேயே நினைவுச் சின்னம் கட்டி வைத்திருக்கிறார்களாம், நீ தினம் அந்த வழியாகப் போகிறாயோ என்னவோ. முப்பது வருஷமாக மூங்கிலோடு புரளுகிறவன் நான், அதனால் எனக்கு அந்த ஆயுதம் மனசில் தைக்கிறது. கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்த்து வெட்டினால் ஓரத்தோல் பிளேடு மாதிரி நிற்கும். போன மாசம்கூட லோடு இறக்கும்போது ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிந்து ஏழு தையல். எனக்கே விரலில் ஏறிய சிலாம்பு நாலு நாள் விண்விண் என்று வலிக்கும். ஆனால் அந்தக் கூர் எத்தனை தடவை நிற்கும்? பொந்து மூங்கிலாக இருந்தால் ஒரு குத்து, அத்தோடு நுனி பிளந்துவிடும். கல்மூங்கிலாக இருந்து நெருப்பில் வாட்டியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று. டாங்கிக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கும் இது தெரிந்திருக்கும், அவனும் மூங்கில் விளையும் ஊர்க்காரன்தான்.

உனக்கு நான் எழுத நினைத்த இன்னொரு கதை இருக்கிறது. படத்தில் காட்டும் அதே 1947 ஜூலை. 21-ஆம் தேதி டச்சுக்காரர்கள் இந்தோனேசியர்களோடு போட்ட ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஜாவாவிலும் சுமத்ராவிலும் படையெடுக்கிறார்கள், தோட்டமும் எண்ணெயும் துறைமுகமும் வேண்டும் அவர்களுக்கு, பேர் மட்டும் 'போலீஸ் நடவடிக்கை'. அடுத்த நாளே நம் ஒடிசாக்கார விமானி பிஜு பட்நாயக் டகோட்டா விமானத்தில் போய், டச்சுத் தடையை மீறி அவர்கள் பிரதமராக இருந்த சுதான் ஷாரிரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். ஷாரிர் டெல்லி வழியாகப் போய் ஐ.நா.வில் நியாயம் கேட்டார். அதே மாசம் 29-ஆம் தேதி விடிகாலை, ஜப்பானியர் விட்டுப்போன பழைய விமானங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு பயிற்சி மாணவர்கள் செமாராங், சலாதிகா, அம்பராவா மூன்று ஊர் டச்சு முகாம்களிலும் குண்டு போட்டுத் திரும்பினார்கள். அன்று மாலை பட்நாயக் கொடுத்து உதவிய இன்னொரு டகோட்டா, விடி-சிஎல்ஏ, மலாயா செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துப் பெட்டிகளோடு சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தா வருகிறது. வருவதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டு டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின, காலையில் விழுந்த குண்டுக்குப் பழி என்றுதான் இந்தோனேசியர்கள் சொல்கிறார்கள். ஓட்டி வந்தவர் ஆஸ்திரேலியர், அவர் மனைவியும் உள்ளே, துணை விமானி பிரிட்டிஷ்காரர், இன்ஜினியர் இந்தியர். ஒன்பது பேரில் ஒருத்தர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் மூன்று பேர் அதிசுசிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே, அதிசுமார்மோ. யோக்யகர்த்தா, மாலாங், சோலோ, இந்த மூன்று ஊர் விமான நிலையங்களின் பேரைப் பார். மூன்றும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். நீ மிஷின் பார்க்கப் போகும்போது இந்த ஊர்களில் எத்தனை தடவை இறங்கியிருப்பாய்!

முதலில் என்ன நினைத்தேன் என்றால், பெரியவர் மறுபடி கேட்டால் இந்த டகோட்டா கதையைச் சொல், இந்தியன் மருந்தும் கொண்டுவந்தான், அதற்காக உயிரும் விட்டான் என்று சொல், அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அவர் கணக்குக் கேட்கவில்லையே செல்வராசு, வரவு காட்டிச் செலவைக் கழிப்பதற்கு. அவங்கப்பா எதிரே நின்ற சிப்பாய்க்கும் டகோட்டாவில் எரிந்துபோன இன்ஜினியருக்கும் நடுவில் இரண்டு வருஷம்கூட இல்லை. ஒரே நாட்டுக்காரர்கள், சொந்த நாட்டுக்கே அப்போது சுதந்திரம் இல்லை. அதனால் முதலில் 'ஆமாம் ஐயா, எங்கள் ஆட்கள்தான் வந்தார்கள்' என்று சொல்லு. அதற்கப்புறம் அவர் கேட்க விரும்பினால் டகோட்டாவைச் சொல்லு.

ராவாகெடே என்ற கிராமத்தைப் பற்றியும் சின்னவள் படித்துச் சொன்னாள். 1947 டிசம்பர் 9 அன்று ஒரு கொரில்லாத் தலைவரைத் தேடி வந்த டச்சுப் படை, அவர் எங்கே என்று யாரும் சொல்லாததால் ஊர் ஆண்களை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டுவிட்டது. அங்கே சொல்லும் எண்ணிக்கை 431. விதவைகள் ஹேக் நகரத்து நீதிமன்றம் வரை போனார்கள், காலாவதியாகிவிட்டது என்று டச்சு அரசு வாதாடியதை 2011-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை, அந்த வருஷம் அதே டிசம்பர் 9 அன்று டச்சுத் தூதர் கிராமத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அறுபத்து நாலு வருஷம் கழித்து. நம் சிப்பாய்களை அனுப்பியவர்கள் சுரபாயாவுக்கு வந்து அப்படி நின்றதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இதற்கடுத்த இரண்டு பாகங்களும் உன் பையனிடம் இருந்தால் அனுப்பச் சொல்லு, மாரியுஸ் என்ன ஆனான் என்று சின்னவள் தினம் கேட்கிறாள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மில்லில் நைட் ஷிப்ட் போட்டால் மறுநாள் தூங்கு, உனக்கு சர்க்கரை இருக்கிறது, அதை மறந்துவிடாதே.

அப்புறம் ஒன்று. பெரியவரோடு பேசும்போது கேட்டுப் பார், அவங்கப்பா வைத்திருந்த மூங்கில் வீட்டில் இன்னும் இருக்கிறதா, அது கெட்டியா பொந்தா என்று. இருந்தால், அவர் சரி என்றால், ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கணு தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடு.

உன்,
பழனிச்சாமி