ரோந்து கப்பல் ஆழ்கடல்லயே நிக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோஸ்ட் கார்டுக்கு, அதான் கடலோர காவல்படைக்கு, புதுசா ஒரு ரோந்து கப்பல் வந்தா எல்லா பேப்பர்லயும் செய்தி வருது, எந்த மந்திரி வந்தாரு, எத்தன மீட்டர் நீளம், என்ன பீரங்கி வச்சிருக்காங்க, அதோட முடிஞ்சிடுது. அத ஏன் அப்படி கட்டுனாங்க, எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து ஆழ்கடலுக்கு போறவங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்னு யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதுறேன்.

சென்னைக்கு பக்கத்துல காட்டுப்பள்ளில எல் அண்ட் டி கட்டுன விக்ரம் வரிசை ரோந்து கப்பல்கள எடுத்துக்குங்க. 2015ல சுமார் 1,432 கோடிக்கு ஒப்பந்தம், மொத்தம் ஏழு கப்பல், மொதல்ல வந்த விக்ரம் 2018 ஏப்ரல்ல, கடைசியா விக்ரஹா 2021 ஆகஸ்ட்ல. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 98 மீட்டர், ரெண்டாயிரம் டன்னுக்கு மேல எடை, முடுக்கினா 26 நாட், அதாவது மணிக்கு 26 நாட்டிக்கல் மைல் (கடல் மைல்) வரைக்கும் ஓடும். ஆனா என்னைக் கேட்டா வேகம் பெரிய விஷயமே இல்ல. எண்ணெய மிச்சம் புடிச்சு மெதுவா ஓட்டினா 5,000 நாட்டிக்கல் மைல் போகும், அதாவது ரெண்டு வாரம் கரைக்கே வராம கடல்ல கெடக்கலாம், அதுக்காகத்தான் இத இவ்ளோ பெருசா கட்டுறாங்க. கரையோரம் ஓடுற சின்ன இன்டர்செப்டர் போட்டால அது முடியாது.

இன்னொண்ணு, ஆள காப்பாத்துறது எப்படின்னு கரையில இருக்குறவங்களுக்கு சரியா தெரியாது. அலை தூக்கி அடிக்கும்போது இவ்ளோ உயரமான கப்பல் நேரா மீன்பிடி போட்டு பக்கத்துல வந்து ஒட்ட முடியாது, ஒட்டினா போட்டு நொறுங்கிடும். அதனால கொஞ்சம் தள்ளி நின்னு, காத்து அடிக்கிற பக்கம் கப்பலையே சுவரு மாதிரி காட்டிகிட்டு, மறுபக்கம் கிரேன்ல ரப்பர் போட்ட இறக்குவாங்க, அதுல போய்தான் ஒவ்வொரு ஆளா ஏத்தணும். பின்னாடி ஹெலிகாப்டர் தளம் இருக்குறதும் சும்மா இல்ல, தேடுறப்போ ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துல பாக்குற கடல கப்பல் பாக்க பல மணி நேரம் ஆகும். தீயணைக்கிற தண்ணி பீரங்கியும் உண்டு. 2021 மே மாசம் கொழும்புக்கு வெளிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் நைட்ரிக் ஆசிட், பிளாஸ்டிக் மணிகளோட பத்தி எரிஞ்சப்போ இங்கிருந்து போன கோஸ்ட் கார்டு கப்பல்கள்ல இதே வரிசைல தூத்துக்குடியோட வஜ்ராவும் ஒண்ணு, அது பணிக்கு வந்தே அப்போ ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

இனி நான் கேக்க வந்தத சொல்றேன். 2017 நவம்பர் கடைசில ஒக்கி வந்தப்போ தாழ்வு மண்டலம்னு சொல்லி மறுநாளே அது புயலாயிடுச்சு, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆளுங்க அதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே தங்கலுக்கு (பல நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்க) போயிட்டாங்க, கரையில சொன்ன எச்சரிக்கை அவங்களுக்கு எட்டவே இல்ல. வயர்லெஸ் செட்டு கரையில இருந்து கொஞ்ச தூரம்தான் கேக்கும். இப்போ இஸ்ரோ செஞ்ச அவசர டிரான்ஸ்மிட்டர் இருக்கு, பட்டன அமுக்கினா சேட்டிலைட் வழியா தகவல் போயிடும், நல்ல விஷயம்தான். ஆனா தகவல் நிமிஷத்துல போனாலும் கப்பல் தண்ணியிலதான வரணும். துறைமுகத்துல இருந்து 300 நாட்டிக்கல்னா முழு வேகத்துலயே கிட்டத்தட்ட பன்னெண்டு மணி நேரம், புயல் கடல்ல அந்த வேகமும் கெடைக்காது. தண்ணில விழுந்தவன் அதுவரைக்கும் எத புடிச்சிகிட்டு கெடப்பான்?

அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குமரிக்கு மேற்க, லட்சத்தீவுக்கு இந்தப்பக்கம், எங்க போட்டுங்க கூட்டமா தொழில் பண்ற எடத்துல, ஒரு பெரிய ரோந்து கப்பல் மாத்தி மாத்தி எப்பவும் நிக்கணும். இதே வரிசை கப்பல் வராஹாவ 2019ல நியூ மங்களூருக்கு குடுக்கும்போது கன்னியாகுமரி வரைக்கும் அதோட எல்லைன்னுதான் சொன்னாங்க, அதனால இது ஒண்ணும் நடக்காத காரியம் இல்ல. கூடவே ஒவ்வொரு கப்பல்லயும் எங்க கடலும் எங்க பேச்சும் தெரிஞ்ச ஒரு மீனவராவது இருக்கணும். ஒக்கில தேடுறதுக்கு கடற்படை கப்பல்ல மீனவங்கள ஏத்திகிட்டு போனாங்க, ஆனா அதுக்கே ஊரு மொத்தமும் கத்த வேண்டியிருந்துச்சு. எந்த மாசம் எந்த நீரோட்டம், இன்ஜின் நின்ன போட்டு எந்தப் பக்கம் ஒதுங்கும்னு அவங்களுக்குத் தெரியும், அத கேட்டுட்டு தேடினா தேடுற எடம் நல்லா குறையும்.

உங்க நிருபர் ஒருத்தர இங்க அனுப்புங்க, கோஸ்ட் கார்டு அதிகாரிங்க கிட்டயும் இத நேரா கேட்டு அவங்க சொல்ற பதில அப்படியே போடுங்க. இந்த வருஷ புயல் சீசனுக்கு முன்னாடி வந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்